ஒன்றிலிருந்து எண்ணுங்கள், அம்மா

நான் நர்சிங் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குக் கை நன்றாக வேலை செய்கிறது. வாய் அதைவிட நன்றாக வேலை செய்கிறது" என்றார். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் என்ன செய்வேன்? திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசுகிற வழக்கமே கிடையாது. அப்பா துறைமுகத்தில் நீராவிக் கிரேன் ஓட்டி ஓட்டிக் காது மந்தமாகிப்போனவர். ரசம் வேண்டுமா மோர் வேண்டுமா என்று கேட்பதற்கே கத்த வேண்டும். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் ஆபரேஷன் தியேட்டரில் நிறுத்தி, பயிற்சி நர்ஸ் வாயே திறக்கக்கூடாது என்றால் எப்படி இருக்கும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். துறைமுகத்தை ஒட்டி இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி, மூடினால் புழுக்கம். நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் வார்டுக்கு ராயபுரம் குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்து சேர்ந்தாள். வயது நாற்பதுக்குள் இருக்கும்.

அவள் மீன் விற்பவள் இல்லை, மீன் எண்ணுபவள். கட்டுமரங்கள் கரையேறியதும் காணாங்கத்தை மாதிரியான மீன்களை நூறு நூறாக எண்ணித்தான் கைமாற்றுவார்கள். விற்கிறவரும் எண்ணக்கூடாது, வாங்குகிறவரும் எண்ணக்கூடாது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ஆள் எண்ண வேண்டும். அந்தக் கரையில் அந்த ஆள் இவள்தான். இரண்டு கையாலும் மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே உரக்க எண்ணுவாள். அலைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் சாலை வரை கேட்குமாம். குரலில் எண்ணாவிட்டால் அது எண்ணிக்கையே இல்லை, யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வந்த அன்றைக்கே இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய கழுத்தில் இடது பக்கம், தாடைக்குக் கீழே ஒரு கட்டி. நெல்லிக்காயாக ஆரம்பித்து ஏழெட்டு வருடத்தில் சின்ன மாங்காயாகிவிட்டது. கண்டமாலை என்று சொல்லிப் பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். யாரோ சூடு போட்டிருக்கிறார்கள், அந்தத் தழும்பும் இருந்தது. கடைசியில் ஒரு கம்பவுண்டர், சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடலாம் என்று கத்தியைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல வேளை, முதலில் விரலை வைத்துப் பார்த்தார். கட்டி நாடி மாதிரி துடித்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனவர், தானே ஓடிப்போய் ஒரு கை ரிக்ஷாவைப் பிடித்து அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பேன்.

எங்கள் பெரிய சர்ஜன் வடக்கே ஒரு கோதுமை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சீமையில் படித்து, யுத்தத்தில் பட்டாள டாக்டராக மதராசுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். ஒரு தமிழ் வாத்தியாரை வைத்துப் புத்தகத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. "தாங்கள் நேற்று உறங்கினீர்களா?" என்று கேட்பார். நோயாளிகள் திரும்பி யாரைக் கேட்கிறார் என்று பார்ப்பார்கள்.

அவர் கட்டியைத் தொட்டுப் பார்த்த அன்று வார்டே திருவிழாவாகிவிட்டது. நெஞ்சிலிருந்து தலைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய், கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரிகிற அந்தக் கவட்டையில் எல்லோருக்குமே ஒரு நெல்மணி அளவுக்கு ஏதோ இருக்கிறதாம். லட்சத்தில் ஒருவருக்கோ எத்தனையில் ஒருவருக்கோ அது வளர்ந்து கட்டியாகிக் குழாயையே கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட அபூர்வமான கட்டி இது என்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? மாணவ டாக்டர்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். ஆளாளுக்குத் தொட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து அக்காவே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"தோ பாரு, இப்டிக்கா அப்டிக்கா ஆட்டு, ஆடும். மேலுக்குக் கீழுக்கு ஆட்டு, ஆடாது. அதான் இதுக்கு அடையாளம். எய்திக்கினியா?"

அந்த வருடம் பரீட்சை எழுதிய பையன்களில் பாதிப் பேர் அவளால்தான் பாஸானார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. தலையைத் திருப்பினால் அவளுக்கு மயக்கம் வந்தது. சோறு விழுங்கக் கஷ்டப்பட்டாள். ஒருநாள் சர்ஜன் அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தார். கட்டுமரத்துக்காரர், கரிய உருண்டை உடம்பு, வாய்ப்பேச்சு அதிகம் இல்லாதவர். கூடமாட உதவிக்கு நான் இருந்தேன்.

"இந்தக் கட்டியை என் ஆசிரியர் சீமையில் எடுத்தபோது ஒரே ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நானாக எடுத்ததில்லை" என்றார் சர்ஜன்.

"பரவால்ல நைனா. நானும் இத்த எட்த்துக்கினதில்ல" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவள் சிரிக்காமல் கேட்டாள்.

"உசுரு கெடக்கட்டும். கொரலு நிக்குமா?"

அவர் மழுப்பவில்லை. குரலுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறது. எடுக்கும்போது அறுந்தால் குரல் போகும். எடுக்காமல் விட்டால் கட்டியே அதை நசுக்கி ஓரிரு வருடத்தில் குரலைக் கொண்டுபோய்விடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். எடுப்பதற்கு முன்னால் ரத்தக் குழாயை ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பார்ப்பார். அப்போது அவள் விழித்திருந்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு சரியாக இருந்தால் மூளை தாங்குகிறது என்று அர்த்தம். பேச்சு பிசகினால் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடப் போகமாட்டார். கட்டியை அப்படியே விட்டுத் தைத்து அனுப்பிவிடுவார்.

"எண்ணணும், அவ்ளோதானே" என்றாள் அக்கா. "இத்தினி வர்சமா இன்னா பண்ணிகினு கீறேன்?"

வீட்டுக்காரர் போய் முற்றத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை.

ஆபரேஷன் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். முகத்துக்கு மேலே துணிக் கூடாரம். சர்ஜனுக்குத் துணை நின்ற இளம் டாக்டரும் சிஸ்டரும் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள். என் வேலை ஒன்றே ஒன்று. அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொள்வது. இடது பக்கக் குழாயை இறுக்கினால் வலது கைதான் முதலில் தளருமாம். பிடி தளர்ந்தால் நான் தலையை ஆட்ட வேண்டும். தலையைத்தான், நாக்கை இல்லை என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

கழுத்தைத் திறந்து குழாயைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சர்ஜன் இடுக்கியைப் போட்டு இறுக்கினார். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்றிலிருந்து எண்ணுங்கள், அம்மா."

கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "லாபம்."

சர்ஜனின் கை நின்றது. "மறுபடியும். ஒன்றிலிருந்து."

"லாபம். ரெண்டு. மூணு."

"நில்லுங்கள். 'ஒன்று' சொல்லுங்கள்."

"அதான் சொன்னேனே."

"என்ன சொன்னீர்கள்?"

"லாபம்."

சர்ஜன் அந்த நொடியே இடுக்கியைத் தளர்த்திவிட்டார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இளம் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மூளையில் சொல் மாறிவிட்டது, ஒன்று என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ சொல்கிறாள், தவறு என்பதே அவளுக்குத் தெரியவில்லை, புத்தகத்தில் எழுதியிருக்கிற அதே அடையாளம் என்றார். பிறகு, "மூடிவிடலாம்" என்றார்.

எனக்கு முதலில் அவர் பேசுவதே புரியவில்லை. லாபம் என்றால் என்ன தப்பு? எங்கள் பக்கத்தில் எதை எண்ணினாலும் அளந்தாலும் முதல் எண்ணை 'ஒன்று' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிசி அளக்கிறவர், வறட்டி எண்ணுகிறவள், மீன் எண்ணுகிறவள் எல்லோருக்கும் லாபம், ரெண்டு, மூணுதான். அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போன சொல். அதனால்தான் அந்த அறையில் அது வேறு யாருக்கும் தெரியாது என்பது உறைக்க நேரம் பிடித்தது. அதற்குள் சிஸ்டர் தையல் ஊசியை எடுத்துவிட்டார்.

"சார், அது ஒண்ணுதான்" என்றேன்.

தியேட்டரில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே வெந்துபோயிருக்க வேண்டும். ஆனால் ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான். எங்கள் ஊரில் லாபம் என்றுதான் எண்ண ஆரம்பிப்பார்கள், அவளுக்குப் பேச்சு மாறவில்லை, கைப்பிடி இரும்பாக இருக்கிறது, என் விரலே வலிக்கிறது என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கொட்டித் தீர்த்தேன்.

சர்ஜன் நம்பவில்லை. "அப்படியென்றால் ஒன்று என்றே ஒரு முறை சொல்லச் சொல்" என்றார்.

நான் கூடாரத்தின் ஓரமாகக் குனிந்து, "அக்கா, ஒரு தபா ஒண்ணுன்னு சொல்லிடுக்கா" என்றேன்.

"மாட்டேன்."

"அக்கா, டாக்டர் கேக்குறாரு."

"கேக்கட்டும். கய்த்த தொறந்து போட்டுகினு, இன்னிக்குப் பாத்து ஒண்ணுன்னு ஒண்டியா ஆரம்பிக்கச் சொல்றியா? ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுடும். லாபம்னு ஆரம்பிச்சாத்தான் மேல போவும். இத்தினி படிச்சவரு, இதுகூட தெரில."

வெளியே துறைமுகத்தில் ஒரு கிரேன் முனகிக்கொண்டிருந்தது. சர்ஜன் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"எங்கள் ஊர் கோதுமை மண்டியில் நிறுக்கிறவன் முதல் தட்டுக்கு 'ராம்' என்பான்" என்றார். "அதற்கப்புறம்தான் இரண்டு. நான் மறந்தே போனேன்." சிஸ்டர் பக்கம் திரும்பினார். "கடிகாரம்." பிறகு கூடாரத்தைப் பார்த்து, "லாபத்திலிருந்தே எண்ணுங்கள், அம்மா" என்றார்.

மறுபடி இடுக்கி இறுகியது. அக்கா எண்ணினாள். முதல் இருபது வரை ஆஸ்பத்திரிக்காக எண்ணினாள். அப்புறம் அவளை அறியாமலே கரை ராகம் வந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் என் கையை ஒரு அழுத்து அழுத்துவாள், மீனைப் போடுகிற மாதிரி. நூறு வந்ததும் அதை நீட்டி இழுத்துவிட்டு, மறுபடியும் லாபத்துக்குப் போனாள். இளம் டாக்டரின் பாதம் தாளம் போடுவதை நான் பார்த்தேன். ஐந்து நிமிடம் முடிந்தது என்று சிஸ்டர் சொன்னபோது மூன்றாவது நூறில் எழுபதைத் தாண்டியிருந்தாள். ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஈதர் கொடுத்துத் தூங்கவைத்தபோதும் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

கட்டியை எடுக்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று. குழாய்க்கும் கட்டிக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று உண்டாம். அதை விட்டு ஒரு நூல் உள்ளே போனால் குழாய் கிழியும், ஒரு நூல் வெளியே போனால் கட்டி கிழியும். சர்ஜன் அந்தக் கோட்டிலேயே போனார். ஒரே ஒரு இடத்தில் கிழிந்தது. ரத்தம் பீறிட்டு அவர் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. அவர் பதறவில்லை. இடுக்கியைப் போட்டார், கண்ணாடியைச் சிஸ்டர் துடைத்துவிடும்வரை காத்திருந்தார், பொறுமையாகத் தைத்தார். ஐந்து நிமிடம் தாங்கும் என்பதுதான் தெரிந்துவிட்டதே.

கட்டி தட்டில் வந்து விழுந்தபோது எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது. ஆடவில்லை. பேசியதற்கே தண்டனை பாக்கி இருந்தது. ஒரு வாரம் முழுக்க வார்டின் பெட்பேன்களையெல்லாம் நான்தான் கழுவ வேண்டும் என்று சிஸ்டர் தீர்ப்புச் சொன்னார். அதே சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் சுற்றி ஒரு துண்டு பிளம் கேக்கும் கொடுத்தார்.

ஆனால் குரல் வரவில்லை.

கண் விழித்த அக்கா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. புத்தி தெளிவாக இருந்தது, கைகால் அசைந்தது, கிசுகிசுப்பாகப் பேச்சும் வந்தது. குரல்தான் இல்லை. நரம்பு அறுபடவில்லை, கட்டியின் முதுகில் ஒட்டியிருந்ததை உரித்தெடுத்தபோது நசுங்கியிருக்கிறது, திரும்பி வரலாம் என்றார் சர்ஜன். எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார். தினமும் காலையில் வந்து, "ஆ சொல்லுங்கள்" என்பார். அவள் காற்றை விடுவாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவர் கிசுகிசுத்தால் எதிராளிக்கும் தானாகவே குரல் இறங்கிவிடும். அக்காவோடு பேசிப் பேசி அந்த வார்டு முழுக்கக் கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டிப் பெருக்குகிற ஆயா கிசுகிசுத்தார். சிஸ்டர் கிசுகிசுத்துத் திட்டினார். நான்கூட மெதுவாகப் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வந்தவர்கள், யாரோ இறந்துவிட்டார்களா என்று வாசலிலேயே தயங்கினார்கள். அக்காவுக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒருநாள் நான் தலை வாரிவிடும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணறதுக்கு வேற ஆளப் போட்டுட்டாங்களாம்" என்று காற்றிலேயே சொன்னாள். "சின்னப் பொண்ணாம். கொரலு நல்லா கீதாம்."

நன்றாக இறுக்கிப் பின்னிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக்காரர் கையில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். மீன் குழம்பு. ஆஸ்பத்திரிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை என்று அவரே ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். வெளிச்சாப்பாடு கூடாதுதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அக்கா மூடியைத் திறந்தாள். மோந்தாள். மூடியை மறுபடி வைத்தாள்.

"ஏது மீனு?" என்று கிசுகிசுத்தாள்.

"சங்கரா" என்றார்.

"கடலுக்குப் போனியா?"

"இல்ல."

"அப்பால ஏது?"

அவர் தரையைப் பார்த்தார். "மார்க்கெட்டாண்ட வாங்கினேன்."

இதில் என்ன இருக்கிறது என்று வெளியார் நினைக்கலாம். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து மீனைக் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது. வலையில் வந்த மீனைத் தவிர வேறு மீனை அவருக்குத் தெரியாது. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எங்களைப் போல வாங்கித் தின்கிறவர்கள் கற்றுக்கொள்கிற வித்தை. மரத்தடியில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த மனிதர், பெண்டாட்டிக்கு ஆசையாக ஆக்கிப்போட முதன்முதலாக மீன் வாங்கப் போயிருக்கிறார். மார்க்கெட்டில் எந்தப் புண்ணியவதியோ ஆளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"மூணு நாளு ஐஸு மீனு இது," என்றாள் அக்கா. "செவுளு பாத்தியா நீ? கண்ணு பாத்தியா? எவ உன் தலைல கட்னா இத்த? கடல்ல பொறந்து வளந்துட்டு, காசு குட்த்து கலீஜ் மீன வாங்கிக்கினு வந்து நிக்கிற. குப்பத்துல தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க?"

முதல் வார்த்தை காற்றாகத்தான் வந்தது. 'ஐஸு' என்கிற இடத்தில் தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு. 'செவுளு' வரும்போது அது குரலாகிவிட்டது. 'குப்பத்துல' என்றபோது வார்டின் கடைசிக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். ஆயாவின் கையில் துடைப்பம் நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. அவ்வளவு கோபம். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டுதான் நிறுத்தினாள். மெதுவாகக் கையைத் தூக்கித் தொண்டையில் வைத்தாள்.

வீட்டுக்காரர் தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் முகம் நனைந்திருந்தது.

"இன்னொரு தபா திட்டு" என்றார்.

அவள் திட்டினாள்.